பழைய ஓனர் போட்ட வயர்

இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. அதுவரைக்கும் என்னை யாரும் அம்மா என்று கூப்பிட முடியாது. டீச்சர் என்று கூப்பிட முடியாது. 'ஏம்மா' என்று ஆரம்பித்து மூன்று வேலை சொல்ல முடியாது. இந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கு நான் யாருக்கும் யாரும் இல்லை.

இப்படி நினைத்துக்கொண்டு அவள் சீட்டைச் சாய்த்தபோதுதான் விசிறி நின்றது.

காரின் உள்கண்ணாடியில் மாட்டியிருந்த கையகல விசிறி அது. கியருக்கு முன்னால் சார்ஜர் செருகுவதற்கென்று ஒரு வட்டச் சாக்கெட் இருக்கிறதே, அதிலிருந்து ஓடும். அது இல்லாமல், கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது. கண்ணாடிகளை முழுசாக இறக்கினாலோ, குடியிருப்பில் போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்து நலம் விசாரிப்பார்கள்.

பள்ளிக்கூடம் நாலரைக்கே முடிந்துவிடும். வீட்டில் ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாள். ஸ்பெஷல் கிளாஸ். ஐந்தேகாலுக்கு வந்து, அடுக்குமாடிக்குக் கீழே கடைசித் தூணை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு, ஆறு மணி வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். படிப்பதில்லை. பாட்டுக் கேட்பதில்லை. அழுவதும் இல்லை, அழுகிற மாதிரி அவள் வாழ்க்கையில் ஒன்றும் குறை இல்லை. இரவு சாப்பிட்டதும் வண்டி பூட்டியிருக்கிறதா என்று தவறாமல் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிற பொறுப்பான கணவர். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டு சாயங்கால நடைக்குப் போகிற மாமியார். விடிகாலையில் எழுந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிற மகள். மூன்று பேரும் நல்லவர்களாக இருப்பதுதான் சிக்கல். கெட்டவர்களாக இருந்தால், தனியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமாவது சொல்லலாம்.

நல்லவர்களிடம் என்ன சொல்வது? உங்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை பிடிக்காது என்றா?

சாக்கெட்டில் இன்னொரு தொல்லையும் இருந்தது. சாவியைப் பாதி திருப்பி வைத்தால்தான் அதற்கு மின்சாரம் வரும். பாதி திருப்பினால் டாஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் சிவப்பும் பச்சையுமாக எரியும். அதை மறைப்பதற்கு விடைத்தாள் கட்டை அதன்மேல் சாய்த்து வைப்பாள். போன மாதம் இரண்டு முறை காலையில் வண்டி கிளம்பாமல் பேட்டரி படுத்துவிட்டது. அது தன் முக்கால் மணி நேரத்தின் வேலைதான் என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் வீட்டில் யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. குற்றவாளி ஏற்கெனவே தயாராக இருந்தார்.

"பழைய ஓனர்," என்றார் கணவர். "வண்டியை என்ன பாடு படுத்தினானோ."

"அந்தாள் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது," என்றார் மாமியார். பழைய ஓனரை அவர் பார்த்ததே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். அன்றிலிருந்து கதவு கிறீச்சிட்டால் பழைய ஓனர். சீட் ஒரு சாண் பின்னால் தள்ளிப் போயிருந்தால் பழைய ஓனர். போன வாரம் சீட்டுக்கடியில் கிடந்த மிட்டாய்க் காகிதத்துக்கும் பழைய ஓனர்தான் பொறுப்பு. அது ஏன் பிசுபிசுப்பும் ஈரமுமாகப் புதுசாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவள் நின்றுபோன விசிறியை இரண்டு தட்டு தட்டினாள். சாக்கெட்டில் போனைச் செருகிப் பார்த்தாள். அதுவும் சார்ஜ் ஆகவில்லை. ஆக, விசிறியின் மேல் தவறு இல்லை.

சரி, இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தாள். பதினெட்டு வருடமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். கரும்பலகையில் ஒரு மின்கலம், ஒரு சாவி, ஒரு விளக்கு. மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் மின்சுற்று. சக்கரம் வைத்த மின்சுற்றுக்குப் பெயர்தான் கார். தெருமுனையில் கார் வயரிங் பார்க்கிற கடை இருக்கிறதுதான். அங்கே போனால், நிறுத்தின வண்டிக்குள்ள உங்களுக்கு எதுக்கு விசிறி என்று அந்த எலக்ட்ரீஷியன் கேட்பார். பதில் அவளிடம் இருந்தது. வெளியே சொல்கிற மாதிரி இல்லை.

மறுநாள் காற்றுக்காகக் கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருந்தது. சாக்கெட்டின் ஃபியூஸ் கருகியிருந்தது. அடுத்த குழியில், அதாவது பக்கத்து வீட்டில், இருந்த ஃபியூஸ் அதே நிறம், அதே அளவு. அதை எடுத்து இங்கே செருகினாள்.

விசிறி ஓடியது. அன்று அவளுக்கு முப்பத்தொரு நிமிடம் கிடைத்தது. ஆறு மணிக்கு எழுந்து கண்ணாடியை ஏற்றப் பார்த்தபோதுதான், பக்கத்து வீட்டு ஃபியூஸ் யாருடையது என்று தெரிந்தது.

கண்ணாடி ஏறவில்லை. நான்கு விரல்தானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூருக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

மாலையில் அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து மகள் கேட்டாள், "ஏம்ப்பா, மழை பாதிதான் பெஞ்சுதா?"

ஒரு பக்கத் தோளும், ஒரு பக்கக் கையும், ஒரு காதும் மட்டும் நனைந்திருந்தன.

"கண்ணாடி ஏறல. அந்தப் பழைய ஓனர் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா என்ன பண்ணுவ?" என்றார் மாமியார்.

"கேப்பேன்."

"என்னன்னு கேப்ப?"

"கண்ணாடி ஏன் ஏறலைன்னு கேப்பேன்."

அவள் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒப்புக்கொண்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஃபியூஸை ஒப்புக்கொண்டால் விசிறியை ஒப்புக்கொள்ள வேண்டும். விசிறியை ஒப்புக்கொண்டால் ஸ்பெஷல் கிளாஸ் போய்விடும். அடுத்த நாளிலிருந்து ஐந்தேகாலுக்கு வீட்டில் காபி தயாராக இருக்கும், நல்லவர்கள் அல்லவா. அவள் ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள்.

வியாழக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதிதாக ஒரு ஃபியூஸ் வாங்கி, அவரவர் வீட்டில் அவரவரைக் குடிவைத்தாள். கண்ணாடி ஏறியது. சாக்கெட் மறுபடியும் செத்துவிட்டது. இந்தத் தடவை ஃபியூஸில் ஒரு குறையும் இல்லை.

'ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் வரவில்லை என்றால் என்ன பொருள்?' வகுப்பில் கேட்கிற அதே குரலில் தன்னையே கேட்டுக்கொண்டாள். 'சுற்று எங்கேயோ அறுந்திருக்கிறது, மிஸ்.' சரியான விடை. உட்கார்.

ஆகவே சனிக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவரும், கட்டிங் பிளேயரும், கறுப்பு டேப்பும், பள்ளி ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கிய வோல்ட்மீட்டரும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "காரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு வரேன்" என்று கிளம்பினாள்.

"நீ ஏன் கஷ்டப்படற, நான் பண்றேன்," என்றார் கணவர். ஞாயிற்றுக்கிழமை குளிப்பதற்கே மதியம் வரை தவணை கேட்கிறவர்.

"ஏம்மா, நான் வேணா துடைச்சுடறேனே," என்றார் மாமியார்.

"நான் பண்றேம்மா," என்றாள் மகள். அவள் தன் சாப்பாட்டுத் தட்டையே துடைத்தது கிடையாது.

என் வீட்டார் என்மேல் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு மூன்று பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே சமயம், கீழே போய் அவர்கள் யாரும் இல்லாத இடத்தில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது அவளுக்குப் புதிதல்ல.

சாக்கெட்டைச் சுற்றியிருந்த பலகையை நான்கு ஸ்க்ரூவில் கழற்றினாள். பின்னால் ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர், அவ்வளவுதான் இருக்க வேண்டும். இருந்தது வேறு. நீலம், மஞ்சள், வெள்ளை என்று கூடுதலாக மூன்று வயர்கள் சாக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றும் மூன்று திசையில் இருட்டுக்குள் ஓடின. அவற்றின் பாரம் தாங்காமல்தான் கம்பெனி போட்ட சிவப்பு வயர் கழன்று தொங்கியது.

அந்தச் சிவப்பு வயரைக் கையில் எடுத்தபோது அவளுக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை வந்தது. பாவம், ஒற்றை ஆளாக எத்தனை நாள் இழுபட்டதோ.

மூன்று வயர்களையும் வோல்ட்மீட்டரால் தொட்டுப் பார்த்தாள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். உயிர் இல்லை, வேலை இல்லை, வெறும் பாரம்.

"பழைய ஓனரே," என்று வாய்விட்டுச் சொன்னாள். முதல் முறையாக அவளுக்கும் அந்த மனிதர்மேல் உண்மையான கோபம் வந்தது.

கட்டிங் பிளேயர் மூன்று முறை 'டக்' என்றது. நுனிகளுக்கு அழகாக டேப் சுற்றினாள். இப்படி ஒரு சுத்தமான திருப்தி அவளுக்குப் பல வருடமாகக் கிடைத்ததில்லை.

சிவப்பு வயரை மறுபடி மாட்டிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. சாவியே போடாமல் சாக்கெட் வேலை செய்தால்? விளக்கு எரியாது. விடைத்தாள் கட்டு வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்து, சாவி இல்லாமலே உயிருள்ள வயர் எது என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்றில் முள் பன்னிரண்டுக்குத் துள்ளியது. அதிலிருந்து சாக்கெட்டுக்கு இணைப்புக் கொடுத்தாள். விசிறி ஓடியது.

எழுந்து உட்கார்ந்தாள். விசிறி நின்றது.

மறுபடி படுத்தாள். ஓடியது. எழுந்தாள். நின்றது. மூன்றாவது முறைதான், படுக்கும்போதெல்லாம் தன் முழங்கை பிரேக் பெடலை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அவள் கண்டுபிடித்தது பிரேக் விளக்கின் வயர்.

பரவாயில்லை, பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்தால் போயிற்று என்று அதை அப்படியே விட்டாள். அதற்குள் மதியம் ஆகிவிட்டது.

அந்தச் சனி ஞாயிறில் வீட்டுக்கு என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. மாமியார் முழங்கால் வலி என்று நடையை நிறுத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார். மகள் மாடியில் கொசு என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். கணவர் இரவு பூட்டைப் பார்க்கக் கீழே போகவில்லை. திருடறவன் திருடட்டும் என்றார். நாலு பேரும் ஒரே ஹாலில், ஒரே நேரத்தில், ஒரே மின்விசிறியின் கீழ்.

"கொஞ்சம் மெல்ல மெல்லேன்," என்றார் மாமியார் தன் மகனிடம்.

"தோசையை எப்படிம்மா சத்தம் போட்டு மெல்ல முடியும்?"

"நீ மெல்லுவ."

"பாட்டி, நீங்க மூச்சு விடற சத்தத்துல எனக்குப் படிக்கவே முடியல."

"ஏண்டி, மூச்சு விடறதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

ஞாயிறு மாலைக்குள் கரண்டி எந்த டப்பாவில் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ யாருடைய குடையைத் தொலைத்தது வரை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். யாரும் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. வெளியே ஊற்ற வழியில்லாமல் நிரம்பிய பாத்திரங்கள் மாதிரி இருந்தார்கள். இது ஏதோ சீதோஷ்ணக் கோளாறு என்று அவள் முடிவு செய்தாள். இப்போது அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு முன்னைவிட அவசியமாயிற்று.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்குப் பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணை மூடினாள். விசிறி ஓடியது. பத்து நிமிடத்தில் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மூன்றாவது மாடியில் இருக்கிற ரிட்டயர்டு ரயில்வேக்காரர்.

"டீச்சர், வண்டி நின்னுட்டுத்தானே இருக்கு?"

"ஆமா சார்."

"பின்னாடி பிரேக் லைட் ரெண்டும் பளபளன்னு எரியுது. பின்னாடி தூண்தான் இருக்கு. தூணுக்கு எதுக்கும்மா சிக்னல்?"

"டெஸ்ட் பண்றேன் சார்."

"பண்ணுங்க, பண்ணுங்க," என்று அவர் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். "இப்ப எரியுது. காலை எடுங்க. இப்ப எரியல. மிதிங்க. எரியுது." ஆறு மணி வரை அவர் போகவில்லை.

கால் மரத்துப்போய், நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆனால் மனம் தளரவில்லை. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று அவளே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பெடல் எதையும் தொடாமல், காலை மடக்கிக்கொண்டு படுத்துத் தேடினாள். ஸ்டியரிங் கம்பத்தை ஒட்டி ஒரு மெல்லிய பச்சை வயர். சாவி இல்லை, பெடல் இல்லை. ஆனாலும் வோல்ட்மீட்டர் பன்னிரண்டு காட்டியது. இரண்டு தடவை பார்த்தாள். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. இணைப்பை மாற்றி, சாக்கெட்டை அதன் இடத்தில் பொருத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, விசிறியின் பிளக்கைச் செருகினாள்.

ஹார்ன் அலறியது.

நான்கு மாடிக் குடியிருப்பின் அடியில், சுவருக்குச் சுவர் மோதி, பத்துக் கார் ஒன்றாக அலறுவது போல அலறியது. அது ஹார்னின் வயர் என்பது அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. வோல்ட்மீட்டர் மின்சாரத்தை இழுக்காது; பார்க்க மட்டும் செய்யும். விசிறி இழுக்கும். இழுத்ததும் ஹார்ன் விழித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி. சத்தத்துக்கு நடுவிலும் அந்த விடையின் அழகை அவளால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பிளக்கைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் சாக்கெட்டே பெயர்ந்து கையோடு வந்தது. அவள் போட்ட இணைப்பு அறுந்து, உள்ளே எங்கோ இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது விசிறி இல்லாமலே ஹார்ன் அலறியது.

முதலில் மகள் ஓடிவந்தாள். பிறகு முழங்கால் வலி எதுவும் இல்லாமல் மாமியார். பிறகு ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவர், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாக.

"என்ன பண்ணின?" என்று அவர் கத்தினார்.

"சுத்தம் பண்ணினேன்," என்று அவளும் கத்தினாள்.

"பேட்டரியைக் கழட்டணும்."

"கழட்டுங்க."

"ஸ்பேனர் வேணும். பழைய ஓனர் ஸ்பேனரே தரல."

"அப்ப தெருமுனையில அந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வரேன்."

ஹார்னுக்கு மேல் மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

"அவன் வேண்டாம்," என்றார் கணவர். "ஒரு நாள் வேலையை ஒரு மாசம் இழுப்பான்."

"அவன் வேண்டவே வேண்டாம்," என்றார் மாமியார். "வாயைத் திறந்தா மூடமாட்டான்."

"அவர் கடை இன்னிக்கு லீவும்மா," என்றாள் மகள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா அத்தை?"

"எனக்கெப்படித் தெரியும்?"

கல்யாணமாகி இருபது வருடத்தில் இந்த மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை. சாம்பாரில் உப்பு விஷயத்தில்கூட மூன்று கட்சி. மாடிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ரயில்வேக்காரர் இறங்கி வந்து தூணுக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.

கடை திறந்துதான் இருந்தது.

எலக்ட்ரீஷியன் வாயைத் திறக்கவே இல்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தார், பானெட்டைத் தூக்கினார், பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினார். உலகம் நின்றது போல இருந்தது. சத்தம் நின்றதும்தான், பக்கத்தில் யாருமே இல்லை என்பதை அவள் கவனித்தாள். கணவருக்கு ஆபீஸிலிருந்து போன். மாமியாருக்கு அடுப்பில் பால். மகளுக்கு நாளைக்குப் பரீட்சை. மூன்று பேரும் எலக்ட்ரீஷியன் நுழைவதற்கு முன்பே மாடிக்குப் போயிருந்தார்கள். வேடிக்கை முடிந்ததென்று ரயில்வேக்காரரும் போய்விட்டார்.

எலக்ட்ரீஷியன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே படுத்தார். பிறகு டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"இந்த மூணையும் யாரு டீச்சர் வெட்டினது?"

"நான்தான்," என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே. "பழைய ஓனர் இஷ்டத்துக்கு மூணு வயரைத் தொங்கவிட்டிருந்தார். எதுலயும் உயிர் இல்ல. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் வெட்டினேன்."

"பழைய ஓனரா?"

அவர் வெளியே வந்து, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பார்க்கிங்கின் விளிம்பு வழியாக நிமிர்ந்து நாலாவது மாடி பால்கனியைப் பார்த்தார். அங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று தலைகள் சட்டென்று உள்ளே போயின.

"இந்த வண்டி உங்க வீட்டுக்கு வந்தப்ப இதுல கம்பெனி வயர் மட்டும்தான் டீச்சர் இருந்துச்சு. இந்த மூணும் நான் போட்டது."

"நீங்களா? யார் சொல்லி?"

அவர் எழுந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, விரல் நகம் அளவில் ஒரு கறுப்பு ஸ்விட்சைக் காட்டினார். "இது சாருது. இதைப் போட்டாத்தான் வயருக்கு உயிர் வரும். சாவி போடாம, லைட் எரியாம சாக்கெட் வேலை செய்யணும்னார். சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வெச்சுக்கிட்டுப் பாடறார். வீட்டுல பாடினா எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லிடறாங்களாம்."

முன்சீட்டுக்கு எதிரில் இருந்த டிராயரைத் திறந்து, அதன் பின்சுவரைத் தொட்டார். "இது பெரியம்மாவுது. நடைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க உக்காந்து போன்ல குத்துச்சண்டை பாக்கறாங்க. ரெண்டு ரவுண்டுக்குள்ள சார்ஜ் போயிடுதாம்."

பின்சீட்டின் பெல்ட் பூட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஸ்விட்ச் இருந்தது. அதைக் காட்டும்போது அவர் குரல் தணிந்தது. "இது பாப்பாவுது. எதுக்குன்னு சொல்லல. சின்னதா ஒரு லைட் எரிஞ்சா போதும், சும்மா உக்காந்திருப்பேன்னுச்சு."

அவள் கண்ணுக்கு முன்னால் கரும்பலகை வந்தது. ஒரு மின்கலம். பக்க இணைப்பில் மூன்று சாவிகள். ஒன்றை மூடினால் சுற்று முழுமையாகும். மற்ற இரண்டுக்கும் அது தெரியாது. பதினெட்டு வருடம் இந்தப் படத்தைப் போட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை, மூன்றையும் தன் கையாலேயே வெட்டி, நுனிக்கு அழகாக டேப் சுற்றினாள்.

விடிகாலையில் ஒருத்தி, ஐந்தேகாலுக்கு ஒருத்தி, ஆறரைக்கு ஒருவர், சாப்பிட்டதும் ஒருவர். சீட் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பேட்டரி ஏன் படுக்காது?

"தனித்தனியாத்தான் வந்தாங்க," என்றார் எலக்ட்ரீஷியன். "வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான் மூணு பேரும் சொன்னாங்க. நாலு பேர்ல நீங்க ஒருத்தங்கதான் பாக்கி. எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

மேலே பால்கனியில் மறுபடி ஒரு தலை தெரிந்தது. "என்னவாம்?" என்று கணவரின் குரல் வந்தது. இவ்வளவு மெலிசான குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. "யார் பண்ணின வேலைன்னு சொன்னானா?"

எலக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயரைத் துணியில் துடைத்தார். "நான் ஒண்ணு சொல்றேன். இந்த ஸ்விட்ச் மூணையும் எடுத்துட்டு, எல்லாருக்கும் பொதுவா ஒரே வயரா போட்டுடறேன். எந்நேரமும் வேலை செய்யும். ஒளிவு மறைவு இல்ல. இந்த வீட்டு ரகசியத்தை எல்லாம் காப்பாத்தறது எனக்கும் முடியல. எல்லாரையும் கீழ வரச் சொல்லுங்க டீச்சர், ஒரேயடியா பேசி முடிச்சிடலாம்."

அவள் கையிலிருந்த விசிறியைப் பார்த்தாள். ஹேண்ட் பிரேக்கின் அடியில், சீட்டோடு சேரும் இடத்தில், வெளியே தெரியாத ஒரு சந்து இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"என்னோடதை இங்க வெச்சுடுங்க. மத்த மூணையும் இருந்த இடத்துலயே, இருந்த மாதிரியே ஒட்டிடுங்க."

"அப்ப அவங்களைக் கூப்பிட வேண்டாமா?"

"வேண்டாம்," என்றாள் மெதுவாக. "பழைய ஓனர் போட்டதாவே இருந்துட்டுப் போகட்டும்."